நஜீபா அக்கா மறுபடி தொறந்த போன்

நஜீபா அக்காவோட வலது கையில இப்ப மூணு விரல் இருக்கு. கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். யாராவது அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னா, "என்ன, எண்ணி முடிச்சாச்சா?"ன்னு கேக்கும். கேட்டதும் அவங்க சட்டுன்னு சுவத்துல தொங்குற போன் கவரைப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க.

நெட்டுல அந்தக் கேஸைத் தேடினா உத்திராபதி பேருதான் வருது. அவரு போட்டோ, அவரு ஒட்டின நோட்டீஸ், அவரு ஏன் அப்படி ஆனாருன்னு ஒரு மணி நேர வீடியோ. அக்கா "செல்போன் கடை நடத்தி வந்த பெண்"னு ஒரே வரியில வந்துட்டுப் போயிடுது. பேரு கூட இல்ல. எனக்கு அது பொறுக்கல. அதான் உக்காந்து தட்டிக்கிட்டிருக்கேன். வேகத்துல எழுத்து அங்கங்க தப்பி இருந்தா பொறுத்துக்குங்க.

காரைக்கால்ல பாரதியார் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்புற ஒரு சந்துல அக்கா கடை. போர்டுல "பெண்களுக்கான மொபைல் சர்வீஸ்"னு போட்டிருக்கும். ஆம்பளைங்களும் போலாம், என்னைய மாதிரி. ஆனா வரிசைன்னு வந்தா பொம்பளைங்களுக்கு அப்புறந்தான். ஏன் இப்படி ஒரு கடைன்னு கேட்டா அக்கா சொல்லும்: "எங்க தெருவுல பாதி பேரு வூட்டுல புருசன்னா போன்தான். அவரு அங்க குவைத்துல, துபாய்ல. இங்க அந்த டப்பாக்குள்ளதான் குடும்பமே நடக்குது. அது ரிப்பேராச்சுன்னா எவனோ ஒருத்தன்கிட்ட லாக்கைத் தொறந்து குடுத்துட்டு வர முடியுமா?" அக்கா வூட்டுக்காரர் சஃபியுல்லாவும் குவைத்துலதான். அவரு மொதல்ல வாங்கி அனுப்புன போன் கீழ விழுந்து செத்துப்போக, அதைத் தானே பிரிச்சுப் பாத்துத்தான் அக்கா வேலை கத்துக்கிச்சு. யாரும் சொல்லித் தரல. "நாலு போனைக் கொன்னுட்டுத்தான் ஒண்ணப் பொழைக்க வெச்சேன்"ன்னு சிரிக்கும்.

போர்டு வேலையில, அதாவது போனுக்குள்ள இருக்குற பச்சைத் தகட்டுல கை வெக்குற வேலையில, அக்காவை அடிச்சுக்க இந்தப் பக்கம் ஆளில்ல. திருநள்ளாறுல சிவநாதன்னு ஒருத்தரு கடை வெச்சிருக்காரு. சனி பகவானைக் கும்புட வர்றவங்க நளன் குளத்துல முழுவும்போது மடியில போன் இருக்குறதையே மறந்துட்டு முழுவிடுவாங்க. அப்படி நனைஞ்ச போனெல்லாம் அவர்கிட்டத்தான் வரும். அவருக்கு முடியாததை மத்தியான பஸ்ஸுல எடுத்துக்கிட்டு வந்து அக்காகிட்டக் குடுப்பாரு. சரி பண்ணினதை வாங்கிட்டுப் போவாரு. பல வருசமா இதான் வழக்கம்.

அன்னிக்கும் அப்படித்தான் வந்தாரு. ஆனா ஒரு கேரி பேக்கை ரெண்டு விரலால மட்டும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தாரு.

திருநள்ளாறு தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அங்க எண்ணெய் தேச்சுக் குளத்துல முழுவிட்டு, கட்டியிருந்த துணியை அங்கயே விட்டுட்டு வருவாங்க. துணியோட சனியும் போயிடும்னு நம்பிக்கை. அப்படி விட்டதை யாரும் தொட மாட்டாங்க. காண்டிராக்ட் எடுத்தவங்க மொத்தமா அள்ளிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். சிவநாதன் அண்ணன் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள அவரு கடை மேசையில ஒரு மூட்டை இருந்திருக்கு. எண்ணெய் வாசனையோட ஈர வேட்டி, உள்ள ஒரு போன். யாரோ துணியோட போனையும் வுட்டுட்டுப் போயிட்டாங்க, யாரோ புண்ணியவான் எடுத்து நம்ம கடையில வெச்சிட்டான்னு நெனைச்சிருக்காரு. தொட பயம். குச்சியால தள்ளிப் பைக்குள்ள போட்டு நேரா இங்க கொண்டாந்துட்டாரு.

"நீங்க பாருங்கம்மா. சார்ஜ் ஏத்தி, யாரு போன்னு கண்டுபுடிச்சு சொல்லிடுங்க. எனக்கு ஏற்கெனவே ஏழரை நடக்குது, இதைத் தொட்டேன்னா அவ்வளவுதான்."

"எங்களை சனி புடிக்காதாண்ணே?"

"உங்க வூட்டுக்கு அவரு வழி தெரியாம திரும்பிடுவாரும்மா."

ரெண்டு பேரும் சிரிச்சிருக்காங்க. அவரு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு. அக்கா போனைத் தொடச்சு, மேசையில வெச்சுப் பின்பக்கத்தைத் தொறந்துச்சு. வெடிச்சிடுச்சு.

அதுக்குள்ள என்ன இருந்துச்சு, உத்திராபதி அதை எப்படி வெச்சிருந்தாருங்கிறதை நான் எழுத மாட்டேன். அது கோர்ட்டுல இருந்தாப் போதும்.

ரெண்டு விரல் போயி, தாடையெல்லாம் வெந்து, அக்கா ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்குது. மொதல்ல வந்தது விசாரணைதான். முஸ்லிம் பொம்பளை கடையில குண்டு வெடிச்சிருக்கு, புருசன் குவைத்துல. வேற என்ன வேணும்? ஒரு டிவியில கடை போர்டை வட்டம் போட்டுக் காட்டி, பின்னாடி பயங்கரமா மியூசிக் போட்டாங்க. பயங்கரவாதிங்கிற வார்த்தை இந்தக் கேஸுல மொதல்ல ஒட்டினது உத்திராபதி மேல இல்ல. கட்டுப் போட்டுப் படுத்திருந்த அக்கா மேல.

ஒரு அதிகாரி கேட்டாராம்: "கடையில இத்தனை சிம் கார்டு எதுக்கு?"

"போன் கடை சார். சிம்மு இல்லாம கருவாடா இருக்கும்?"

"ஏம்மா, இந்த நெலமையிலயும் வாய் கொறையலயே."

"விரல்தான சார் போச்சு."

வெளிய அவங்க உம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்களாம், ஏன்டி இப்படிப் பேசுற, பேசாம இருந்தா விட்டுடுவாங்கல்லன்னு. அக்கா கேக்கல. பேசாம இருந்தா நாந்தான் செஞ்சேன்னு ஆயிடும்மான்னு சொல்லிடுச்சு.

காப்பாத்துனது சிவநாதன் அண்ணன். அவரு வாயைத் தொறக்கலன்னா அந்த மூட்டையைப் பத்தி அக்கா சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. பொண்டாட்டி புள்ளையெல்லாம் தடுத்தும் ஸ்டேஷனுக்குப் போயி, "அந்த போன் என் மேசைக்குத்தான் வந்துச்சு சார். சனிக்குப் பயந்து நாந்தான் அந்தம்மா கையில குடுத்தேன்"ன்னு நின்னாரு. அவரையும் ஒரு நாள் ஒக்கார வெச்சாங்க. அப்புறம் குளத்தங்கரையில விசாரிக்கப் போனாங்க. எண்ணெய் பாக்கெட் விக்கிற ஒரு அம்மாவுக்குக் கேட்ட உடனே ஞாபகம் வந்துடுச்சு. "எல்லாரும் வுட்டுட்டுப் போவாங்க சார். வுட்டதை எடுத்து மடிச்சு அக்குள்ல வெச்சுக்கிட்டுப் போனவரு என் ஆயுசுல அவரு ஒருத்தருதான். பயித்தியமோன்னு நெனைச்சேன். மோட்டாரு கட்டுவாரே, அவரு." கேமரா இல்ல, சிக்னல் இல்ல. அந்த அம்மா கண்ணுல மாட்டினாரு உத்திராபதி.

நெரவி பக்கம் ஒரு ஊர்க்காரரு. தண்ணி இறைக்குற மோட்டாருக்கு காயில் கட்டுறவரு. அதட்டிப் பேசாத மனுசன்னுதான் ஊரே சொல்லுது. மொதல்ல வீட்டுல டிவியத் தூக்கிப் போட்டாரு. அப்புறம் பொண்டாட்டி போனை அம்மில வெச்சு நசுக்கினாரு. அப்புறம் பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ்: "நீ கையில வெச்சிருக்குறது போன் இல்ல, மூக்கணாங்கயிறு." பூவம் கிட்ட ஒரு செல்போன் டவருக்கு அடியில தீ வெச்சது அவருதான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. டவரு எரிஞ்சும் யாரும் திரும்பிப் பாக்கலங்கிறதால போன் ரிப்பேர் பண்றவங்க மேலயே கை வெச்சிட்டாரு. அவங்க பயந்து கடைய மூடினா, ஒடைஞ்ச போனு ஒடைஞ்சபடியே கெடக்கும், ஊரு தானா விடுபடும்னு கணக்கு.

வழியில வேற யாரும் தொட்டுடக் கூடாதுன்னுதான் அந்த வேட்டியில சுத்துனாராம். பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவங்க கூட தள்ளி ஒக்காந்தாங்களாம். எல்லாம் சரி. ஆனா சிவநாதனும் திருநள்ளாறு ஆளுதான, அவரும் தொட மாட்டாருங்கிறதை யோசிக்கவே இல்ல. உலகத்துல இருக்குற மெஷினப் பத்தியெல்லாம் யோசிச்ச மனுசன், தன் கண்ணெதிர கடை வெச்சிருக்குறவரைப் பத்தி ஒரு நிமிசம் யோசிக்கல.

அவரு உள்ள போனதும் அவருக்கு ரசிகர்கள் கெளம்பிட்டாங்க. அவரு போட்டோவை ஸ்டேட்டஸ் வெச்சு, சிங்கம்னு போட்டு, நெருப்பு எமோஜி. அதை அக்காகிட்டக் காட்டினேன். "போன் வேணாம்னு குண்டு வெச்ச ஆளுக்குப் போன்லயே ரசிகர் மன்றமா"ன்னு கேட்டுட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடுச்சு. ஆனா அந்த நோட்டீஸ்ல இருக்குறது பாதி உண்மைன்னு அக்காவே சொல்லும். "எம் மவ கையிலேர்ந்து போனைப் புடுங்க நானே படாதபாடு படுறேன். அதுக்காக ஊரான் கையைப் பிச்சுப் போடுவேனா?"

இப்ப நான் சொல்ல வந்த எடத்துக்கு வர்றேன்.

கை ஆறினதும் அக்கா ஷட்டரைத் தொறந்துடுச்சு. தெருவே வந்து நின்னுச்சு. ஆனா கண்ணாடியில ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு: "போர்டு வேலை இல்லை." ஸ்க்ரீனுக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டும், ரீசார்ஜ் பண்ணும், சார்ஜர் விக்கும். போனைத் தொறக்காது. ஸ்க்ரூ டிரைவரு, ட்வீசரு எல்லாம் டப்பாவுல மூடியே கெடந்துச்சு. மூணு விரலால முடியலன்னு எல்லாரும் நெனைச்சாங்க. எனக்கென்னவோ அப்படித் தெரியல. ஒரு தடவை ஒரு பொண்ணு குடுத்த போனோட பாட்டரி மூடியைத் தொறக்க கையக் கொண்டு போச்சு. பாதியில கை அப்படியே நின்னுடுச்சு. "இல்லம்மா, வேற எடத்துல காட்டிக்குங்க"ன்னு திருப்பிக் குடுத்துடுச்சு. அந்தப் பொண்ணு போன பிறகு அக்கா ரொம்ப நேரம் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

தெருப் பொம்பளைங்க போனெல்லாம் மறுபடி ஆம்பளைங்க கடைக்குப் போவ ஆரம்பிச்சுது. ஒருத்தியோட போட்டோவைக் கடைக்காரப் பையன் எடுத்து வெச்சுக்கிட்டான்னு ஒரு சண்டையே வந்துச்சு. அன்னிக்கு அக்கா முகத்தைப் பாக்க முடியல.

சஃபியுல்லா அண்ணன் தெனம் கூப்புடுவாரு. அக்கா ஸ்பீக்கர்லதான் பேசும், கடையில இருக்குறவங்களுக்கும் கேக்கும்.

"போதும் நஜீபா. கடைய மூடிட்டு இங்க வந்துடு."

"வாணாம் மச்சான்."

"போனும் தொறக்குறதில்ல, கடையும் மூடுறதில்ல. என்னதான் பண்ணப்போற?"

"மூடுனா அந்தாளு நெனைச்சது நடந்துடும் மச்சான்."

"தொறக்கலன்னாலும் அதான நடந்திருக்கு?"

அதுதான் அவ்வளவு மாசமா அக்காவை அரிச்சுக்கிட்டிருந்தது. கடை தொறந்திருக்கு, ஆனா வேலைய உத்திராபதி நிறுத்திட்டாரு.

கோர்ட்டுல அக்கா சாட்சி சொன்ன அன்னிக்குக் கூட்டம். உத்திராபதி வெள்ளைச் சட்டையில, தலையை எண்ணெய் வெச்சுப் படிய வாரிக்கிட்டு, கல்யாணத்துக்கு வந்தவரு மாதிரி நின்னாரு. சொல்ல ஏதாவது இருக்கான்னு கேட்டதுக்கு, "அந்தப் பொண்ணுக்கு நான் வெக்கல. அதுக்கு வருத்தப்படுறேன். மத்தபடி நான் செஞ்சதுல எனக்கு வருத்தமில்ல"ன்னாரு. பின்னாடி நாலஞ்சு பசங்க தலையாட்டினாங்க.

அக்கா ஜட்ஜைப் பாத்து, ஒண்ணு கேட்டுக்கலாங்களான்னுச்சு. அப்புறம் உத்திராபதி பக்கம் திரும்பி அந்தக் கையைத் தூக்கிக் காட்டுச்சு.

"எனக்கு வெக்கலன்னா சிவநாதன் அண்ணனுக்கு வெச்சீங்க. இது அவரு கையா இருந்திருந்தா உங்களுக்கு வருத்தமில்ல. அப்படித்தான? மன்னிப்பு கேக்குறதா இருந்தா விரலுக்குக் கேளுங்க. ஆள் மாறிப் போச்சுன்னு கேக்காதீங்க."

பின்னாடி தலையாட்டிக்கிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க. வெளிய வந்து அக்கா ஒரு எலுமிச்சம் ஜூஸ் வாங்கிக் குடிச்சுட்டு, உப்பு கம்மின்னு கடைக்காரரோட சண்டை போட்டுச்சு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். என் போனுக்கு டெம்பர் ஒட்டக் குடுத்துட்டு நிக்கிறேன். இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க. வயசான ஒரு அம்மா உள்ள வந்து, முந்தானையிலேர்ந்து ஒரு போனை எடுத்து மேசையில வெச்சாங்க. பழைய போனு, பட்டனு வெச்சது இல்ல, டச்சு.

"சார்ஜே ஏற மாட்டேங்குதும்மா."

"போர்டு வேலை பாக்குறதில்லம்மா. பேப்பர் ஒட்டியிருக்கு பாருங்க."

அந்த அம்மா நகரல. "எம் பேரு வடிவாம்பாள். நெரவி பக்கம். உத்திராபதி வூட்டுக்காரி."

என் பக்கத்துல நின்ன பொண்ணு ஒரு அடி பின்னாடி போயிட்டா. அக்கா கை மேசையிலேர்ந்து தானா மடியில எறங்கிச்சு.

"வேற கடையில நான் யாருன்னு சொல்லாமக் குடுத்திருக்கலாம்"னாங்க அந்த அம்மா. "யாரு போனுன்னு தெரியாம ஒருத்தர் கையில குடுக்குறதுதான அவரு செஞ்சது. எனக்கு மனசு வரல. யாருன்னு சொல்லிக் குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்க. ரெண்டு கடையில வெளிய போன்னுட்டாங்க. எம் மவன் ராஜ்மோகன் சிங்கப்பூர்ல இருக்கான். அப்பா உள்ள போனதிலேர்ந்து அவன் சாப்புடுறானா, தூங்குறானான்னு தெரியல. நீங்களும் வேணாம்னா போயிடுறேன்."

அக்கா போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "உங்க போனை அம்மில வெச்சு நசுக்கிட்டாருன்னு சொன்னாங்களே."

"அது மொதப் போனு. இது மவன் அனுப்புனது. ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"எங்க?"

"அரிசி டிரம்முக்குள்ள."

"அவரு பாக்கலயா?"

"அவரு ஒருநாளும் அரிசி அள்ளுனதில்லம்மா."

அக்கா சிரிச்சிடுச்சு. சிரிக்கணும்னு சிரிக்கல, வந்துடுச்சு. அந்த அம்மா சிரிக்கல. ஊரையே திருத்த நெனைச்ச மனுசன் வூட்டுல, சோத்துக்கு அரிசி வர்ற டிரம்முக்குள்ளயே போன் இருந்திருக்கு, அத்தனை வருசமும்.

அப்புறம் அக்கா எங்களைப் பாத்து, "எல்லாரும் வெளிய போங்க"ன்னுச்சு. சாதாரணமா சொல்லல. நாங்க எறங்கி, தொறந்திருந்த கதவுக்கு வெளிய ரோட்டோரம் நின்னோம். வடிவாம்பாள் அம்மாவும் வெளிய கெளம்பினாங்க.

"நீங்க இருங்க. எதுக்க ஒக்காருங்க. இன்னும் கிட்ட."

அந்த அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு, மேசையில முட்டி இடிக்குற மாதிரி ஒக்காந்தாங்க. ரெண்டு கையையும் எடுத்து போனுக்குப் பக்கத்துல மேசை மேல வெச்சாங்க. யாரும் வெக்கச் சொல்லல. அக்கா அந்தக் கையைப் பாத்துச்சு. டப்பாவைத் தொறந்துச்சு. இடது கையில ஸ்க்ரூ டிரைவரு, வலது கையில கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல ட்வீசரு. நாங்க கண்ணாடி வழியா பாக்குறோம். அக்கா உதடு அசையுது, துஆ ஓதுதுன்னு தெரியுது. பின்மூடியில நகத்தை வெச்சு நெம்பிச்சு. டக்குன்னு ஒரு சத்தம். நான் கண்ணை மூடிட்டேன்.

ஒண்ணுமில்ல. மூடி தொறந்துக்கிச்சு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் சத்தம்.

அக்கா போனை லைட்டுல காட்டி, சார்ஜர் சொருவுற ஓட்டைக்குள்ள பாத்துச்சு. ட்வீசரை விட்டு மெதுவா இழுத்துச்சு. தவிடு. ஓட்டை பூரா அரிசித் தவிடு அடைஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கு. ஒரு பொன்னி அரிசிக் குறுணை கூட வந்துச்சு. அதை எடுத்து அந்த அம்மா உள்ளங்கையில வெச்சு, "இந்தாங்க, ஒலையில போட்டுக்குங்க"ன்னுச்சு. இப்ப அந்த அம்மா சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. அக்கா அழல. வேலையிலேர்ந்து கண்ணை எடுக்கல.

சார்ஜுல போட்டதும் போனு உசுரு வந்து, ராஜ்மோகன் கூப்புட்ட காலெல்லாம் வரிசையா வந்து விழுந்துச்சு. ணிங், ணிங்னு நிக்கவே இல்ல.

"எவ்வளவும்மா?"

"வேலைக்கு என்னவோ அது. கொறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன்." வாங்கிக் கல்லாவுல போட்டுச்சு. அந்த அம்மா கையெடுத்துக் கும்புடப் போனாங்க. "அதெல்லாம் வேணாம்மா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவரை நான் மன்னிக்கவும் இல்ல. ஜெயிலுக்குப் பாக்கப் போவீங்கல்ல?"

"போவேன்."

"போனா சொல்லுங்க. உங்க வூட்டு போனை நாந்தான் தொறந்தேன், இந்தக் கையாலதான்னு."

வடிவாம்பாள் அம்மா முந்தானையால போனைத் தொடச்சாங்க. அப்புறம், "மொதல்ல அரிசி டிரம்மைச் சொல்லிட்டு அப்புறம் இதைச் சொல்றேன்"னுட்டு எறங்கிப் போனாங்க. கடைவாசல்லயே மவனுக்குப் போன் போட்டாங்க. "தம்பி, அம்மாதான்யா"ன்னது தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு.

நாங்க உள்ள வந்தோம். அக்கா கண்ணாடியில ஒட்டியிருந்த பேப்பரைக் கிழிச்சுச்சு. பசை புடிச்சுக்கிட்டு "இல்லை"ங்கிற எடம் மட்டும் வரல. அதையும் நகத்தால சொரண்டி எடுத்துச்சு. அப்புறம் போனை எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டு, திருநள்ளாறுக்குக் கூப்புட்டுச்சு.

"சிவநாதண்ணே, நஜீபா."

அந்த மூட்டைக்கு அப்புறம் அவரு ஒரு போன் கூட அனுப்புனதில்ல. அக்காவைப் பாக்க வந்தாக்கூட மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டாரு.

"குளத்துல முழுவுன போனு எத்தனை வெச்சிருக்கீங்க?"

"கெடக்குதும்மா, ஒரு டப்பா நெறைய. எதுக்கு?"

"நாளைக்கு மத்தியான பஸ்ஸுல எடுத்துக்கிட்டு வாங்க. வேட்டியில சுத்திக் குடுத்தாலும் பரவால்ல, நான் பாத்துக்குறேன்."